நாக்கைக் கடித்துச் சொல்லும் வார்த்தை

எங்கள் பட்டறையில் செய்வதெல்லாம் புது நாற்காலிதான். செய்து முடித்ததும் சங்கிலியால் விளாசுவோம். பூச்சி அரித்த மாதிரி டிரில்லால் பொடி ஓட்டைகள் போட்டு, டீத்தண்ணியைப் பூசுவோம். அவ்வளவுதான், அது நூறு வருடப் பழசாகிவிடும்.

இன்று முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்து ஓர் ஆங்கில வார்த்தை கற்றுக்கொடுத்தார்.

"ஆத்தென்டிக். நடுவுல நாக்க லேசா பல்லுல வெச்சு ஊதணும். கிரேக்கத்துலேருந்து வந்த வார்த்தை. தன் கையால செய்யுறவன்னு மூலம், அசல்னு அர்த்தம். யார் வாங்க வந்தாலும் இதையே சொல்லணும்."

அவர் எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. பட்டறையே நாக்கைத் துருத்திக்கொண்டு ஊதியது.

சாயம் பூசும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அவ்வளவு அசல்னா, உங்க பொண்ணு புது வீட்டுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போங்களேன் முதலாளி?"

முதலாளி எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ச்சீ! கண்டவன் உக்காந்த பழைய சாமானையா என் பொண்ணுக்குக் குடுப்பேன்?"

நேற்று நான் செய்த நாற்காலி அது. அதில் இதுவரை ஓர் ஈகூட உட்கார்ந்ததில்லை.