ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்

கனடாவின் மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தில் இக்னேசியஸ் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர். ஸ்காபரோ மாதா கோயிலில் பூசை முடிந்து அவர் அதைச் சொல்வதைக் கேட்டால், கனடா முழுவதும் அவர் போடும் சுவிட்சில்தான் ஓடுகிறது என்று நினைப்பீர்கள். அதே கோயிலுக்குப் போகிற பாவத்துக்கு, கிளடிஸ் ஞாயிறும் கேட்டாள், அவருக்குக் கீழே வேலை செய்வதால் திங்களும் கேட்டாள். அவள் இன்னும் தற்காலிகம்தான். வேலை நிரந்தரமானால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் போடலாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. அழித்தது கிளடிஸின் கணினியிலிருந்து. இக்னேசியஸுக்கு அது போதும். அவள் வருவதற்கு முன்பே, யாரும் உட்காராதபடி கதிரையை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு, மேலாளர் லிண்டாவையும் கூட்டிவந்துவிட்டார்.

“உமக்கு வேலை எடுத்துத் தந்ததுக்கு நல்ல கைமாறு, பிள்ளை” என்றார்.

“அண்ணை, நான் வெள்ளிக்கிழமை மூடிப்போட்டுப் போனதுக்குப் பிறகு உதைத் தொடவேயில்லை.”

“உதெல்லாம் இப்ப தெரியும்.”

பிறகு லிண்டாவுக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தால் நெட்வேர்க் நுழைவுச் சீட்டு மாதிரி ஒரு டிக்கெட் கொடுக்கும், அது கணினியிலேயே கிடக்கும், காலாவதியானாலும் யாருடையது என்று காட்டும் என்றார். உண்மைதான், அந்த மனிதருக்குப் பாடம் தெரியும். அந்த டிக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கட்டளை வரியில் கே-லிஸ்ட் என்று அடித்து, கல்யாண மோதிரம் மினுங்க எண்டரைத் தட்டினார்.

திரையில் வந்த பெயர் இக்னேசியஸ். வாங்கிய நாள் ஞாயிறு, பின்னேரம்.

கிளடிஸுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. லண்டனிலிருந்து வந்த மச்சான் குடும்பத்துக்கு அலுவலகம் காட்டப்போவதாகவும், கமராவுக்குப் புது பிலிம் போட்டிருப்பதாகவும் நேற்றுப் பூசைக்குப் பிறகு ஊருக்கே சொன்னவர் அவர்தானே! அவளுடைய திரைதான் அங்கே பெரியது. கோட்டும் டையுமாக அதன் முன்னால் உட்கார்ந்து, படத்தில் கை சும்மா இருக்கக்கூடாதென்று எதையோ தட்டியிருக்கிறார். பெரிய மனிதருக்குச் சும்மா தட்டவும் தெரியவில்லை. தட்டியதை மறந்துவிட்டு அடுத்தவளின் சோற்றில் மண்ணள்ளிப் போட வந்துவிட்டார்.

“நேற்று இங்கே வந்தீர்களா?” என்று லிண்டா கேட்டாள்.

இக்னேசியஸ் கிளடிஸின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார்.

“பிள்ளை, நான்தான் கதவுத் திறப்பும் என்ரை பாஸ்வேர்டும் தந்து உம்மை நேற்று வேலைக்கு வரச்சொன்னனான் எண்டு சொல்லும். தெரியாமல் அழிபட்டுப் போச்சு எண்டு சொல்லும். உம்மை நிப்பாட்டினாலும் மிசிசாகாவிலை வேறை வேலை எடுத்துத் தாறன். எனக்குக் கோயிலிலை ஒரு பேர் இருக்கெல்லே.”

அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

“என்ன சொல்கிறார்?” என்றாள் லிண்டா.

கிளடிஸ் கவிழ்ந்திருந்த கதிரையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அதில் உட்கார்ந்துகொண்டு, அவர் சொன்னதை ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.