சிக்கனக் குழாய்

திறந்தால் தண்ணீர் வராது, மூடினால் நிற்காது. இதற்குப் பெயர் சிக்கனக் குழாயாம். எங்கள் வளவில் வீட்டுக்கு வீடு அதை மாட்டியவர் ரத்தினசாமி முதலாளி. ஏழாயிரம்பண்ணையில் நான் மருந்து அடைக்கும் பட்டாசுக் கம்பெனியும் அவருடையது, நான் வாடகைக்கு இருக்கும் வீடும் அவருடையது.

"பித்தாளக் குழாய்ல தண்ணி அருவியா கொட்டுது. இது பாதித் தண்ணியில குளிக்க வச்சிரும்" என்று சொல்லி, நன்றாக இருந்த பழைய குழாயைக் கழற்றிக்கொண்டு போனார். புதியது பளபளவென்று இருந்தது. உள்ளே அத்தனையும் பிளாஸ்டிக். சீசன் முடிவதற்குள் திருகு தேய்ந்து, இரவெல்லாம் ஒழுகியது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "முரட்டுக் கையில முறுக்கினா எதுதான் தாங்கும்?" என்றார்.

அன்று வேலை முடிந்து வந்தேன். தலையிலிருந்து கால்வரை வெள்ளிப்பொடி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். குளிக்காமல் நாங்கள் அடுப்பையும் தொட மாட்டோம், பிள்ளையையும் தொட மாட்டோம். குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வளவு முழுவதற்கும் இருக்கும் ஒரே தொட்டி ஒழுகியே காலியாகியிருந்தது. ஊர்த் தண்ணீர் வர இன்னும் நாலு நாள்.

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் இடுப்பிலிருந்து என் மகன் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினான். நான் பின்னால் நகர்ந்தேன்.

"பசியில துடிக்கான். தூக்கேன், பாண்டி."

"மேலெல்லாம் மருந்து, அக்கா. நீ என் மாத்துச் சேலைய எடுத்துக்கிட்டு இவனோட என் பின்னாடி தள்ளியே வா."

முதலாளி வீட்டு முன்கூடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றேன்.

"மொதலாளி, வெளக்க அணைங்க. குளிக்க வந்திருக்கேன்."

விளக்கை அணை என்று எங்கள் பக்கம் வாயால் சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். அன்று எனக்கு அந்த மரியாதையெல்லாம் வரவில்லை.

கோபமாக எழுந்தவர் என் கைகளைப் பார்த்தார். அந்தப் பொடியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். முகம் வெளுத்தது. தானே போய்த் திரியை உள்ளே இழுத்தார்.

"சுத்திக்கிட்டு கொல்லைக்குப் போ. தண்ணியப் பாத்து ஊத்து."

கொல்லையில் இருந்தது என் வீட்டுப் பித்தளைக் குழாய். ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம் திருகின் இடுக்கில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. திறந்தேன், தண்ணீர் சோவென்று கொட்டியது. ரெண்டு வாளியில் பொடியெல்லாம் போய்விட்டது. சேலை மாற்றிக்கொண்டு, பிள்ளையை வாங்கி அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

குழாயை ஒரே முறுக்கில்தான் மூடியிருந்தேன், இந்த முரட்டுக் கையால். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். முதலாளி விளக்கேற்றத் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தார்.

"என் குழாய் என் வீட்டுக்கு வார வரைக்கும் தெனமும் இந்நேரத்துக்கு வருவேன். நான் குளிச்சிட்டுப் போன பெறகு வெளக்கேத்துங்க."