கொடிக்கம்பத்துக்கு ஒரு மரம்

கோடை தொடங்கியதிலிருந்து கெசையாவின் வீடு வீடாக இல்லை, கட்சிச் சத்திரமாகத்தான் இருந்தது. புருஷன் தாடியஸ் ஒஹையோ சட்டசபைக்கு நிற்கிறான். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சோள ரொட்டி சுட்டே அவள் கை காய்த்துப்போயிற்று. பன்றிகள் போயின, ஆப்பிள் மது பீப்பாய் பீப்பாயாகப் போயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையதுதான். பெண் என்பதால் தனக்கு ஓட்டில்லாதவள் புருஷனின் ஓட்டுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு பெரிய கொடியும் தைத்தாள். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: சோளக்கொல்லை ஓரத்து ஹிக்கரி மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. தாடியஸ் சத்தியம் செய்தான்.

அந்த மரத்தடியில்தான் மெர்சியைப் புதைத்திருந்தார்கள். நாலு வயதில் காய்ச்சல் கொண்டுபோன அவர்கள் பெண். கல் நட அப்போது வசதியில்லை. மரமே கல்லாக நிற்கட்டும் என்று சொன்னவனும் தாடியஸ்தான். மண்மேட்டின் மேல் கெசையா ஊதாப் பூக்கொடி நட்டு வளர்த்திருந்தாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. தேர்தலில் கொடி ஏற்ற அவர்கள் கட்சிக்கு ஹிக்கரிக் கம்பம், எதிர்த்து நிற்கும் விக் கட்சிக்கு ஆஷ் மரக் கம்பம். எவன் கம்பம் உயரமோ அவன் பாதி ஜெயித்தான் என்று ஊரே நம்பியது. போன வாரம் விக் கட்சிக்காரர்கள் ஆலைச் சந்தியில் ஒன்றை நட்டுவிட்டு, தெருத்தெருவாகப் பீற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

சனிக்கிழமை கோர்ட்டு மைதானத்தில் கூட்டம். கெசையா விடிந்ததிலிருந்து அங்கே அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள். மதியம் எருதுகள் கம்பத்தை இழுத்து வந்தன. பட்டை சீவிய மரம், உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. நல்ல உயரம் என்று அவளும்தான் பார்த்தாள். பிறகு அடிப்பக்கம் கண் போயிற்று. அப்பியிருந்த சேற்றில், வேரோடு பிய்ந்து, ஊதாப் பூக்கொடி சுற்றிக்கொண்டிருந்தது.

வெட்டியதோடு விடவில்லை, பாவிகள். குழந்தையின் மேலேயே இழுத்து வந்திருக்கிறார்கள். அவள் நேரே எருதுகளிடம் போனாள்.

"யாரு வெட்டச் சொன்னது?"

கொழுந்தன் ஆரின் மாட்டை அவிழ்த்தபடியே திரும்பினான். "அண்ணிகிட்ட கேட்டாச்சுன்னுல்ல அண்ணன் சொன்னாரு?"

தாடியஸ் அவளை ஓரமாக இழுத்துப் போனான். "மெதுவாப் பேசு, கெசையா. இந்தச் சுத்துவட்டாரத்துல இவ்வளவு உசரம் வேற எங்க இருக்கு? நான் என்ன பண்றது?"

"சத்தியம் பண்ணீங்களே."

"மரந்தானே போச்சு? புள்ள அங்கதானே இருக்கா. ஜெயிக்கட்டும், பளிங்குலயே கல்லு வைக்கிறேன்."

"மாடு அவ மேல நடந்திருக்குங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

அவன் கோட்டைக் கழற்றி மடித்தான். "மூஞ்சியத் தொடச்சுக்க. கொடி குடுக்க உன்னத்தான் கூப்பிடுவாங்க."

அது ஊர் வழக்கம். வேட்பாளரின் மனைவி தன் கையால் கொடி கொடுத்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கொடியைக் கட்டிய பிறகுதான் கம்பம் எழும்பும். பாண்டு வாசித்தார்கள். ஆண்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்தார்கள். ஜனங்களில் ஒருவன் என்று காட்ட, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாடியஸ் முதல் ஆளாகப் பிடித்தான்.

கெசையா கொடியோடு வந்தாள். உச்சிப் பக்கம் போகவில்லை. அடிமரத்துக்குப் போய், சேற்றிலிருந்து பூக்கொடியைப் பிரித்தெடுத்தாள். பிறகு மரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கொடியக் குடும்மா, நேரமாவுது" என்றார் கூட்டத் தலைவர்.

"தர்றேன். இந்த மரம் எங்க நின்னுச்சுன்னு முதல்ல அவரச் சொல்லச் சொல்லுங்க."

எல்லோரும் தாடியஸைப் பார்த்தார்கள். மேடையேறினால் பொழுது சாயும்வரை பேசுகிறவன் குனிந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"அப்ப நானே சொல்றேன். எம்பொண்ணு மெர்சி தலைமாட்டுல நின்ன மரம். அவ குழிய மிதிச்சு இழுத்துட்டு வந்திருக்கீங்க. எங்கையால தின்னுட்டுத்தான் போய் வெட்டியிருக்கீங்க. இனிமே என்ன, என்னையும் சேத்தே நிறுத்துங்க."

பாண்டு ஓய்ந்தது. ஆரின்தான் முதலில் கயிற்றைக் கீழே போட்டான். பக்கத்தில் நின்றவன் போட்டான், அடுத்தவன் போட்டான். தாடியஸ் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.