சீனப் பிள்ளை என்று தெரியக் கூடாது

பியானோவை ஒழித்துக்கட்டச் சொன்னது ஃபாங் அம்மாள். ஒழித்துக்கட்டியது மெய்ஜென். அமெரிக்காவின் குவின்சி நகரத்துச் சீனக் குடும்பங்களுக்கு ஃபாங் அம்மாள் சொன்னால் வேதவாக்கு. பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளுக்குத் தயார் செய்வதே அவள் பிழைப்பு.

“பியானோ, வயலின், கணக்குப் போட்டி. இதையெல்லாம் பாத்தாலே ‘இன்னொரு சீனப் பிள்ளையா’ன்னு காலேஜ்காரன் கொட்டாவி விட்டுத் தள்ளி வச்சுருவான். நமக்கு மட்டும் அங்க தராசே வேற. இவ சீனப் பொண்ணுன்னே தெரியக் கூடாது.”

“அப்போ மூஞ்சிய என்ன பண்றதாம்?” என்று கேட்டாள் மெய்ஜென்னின் மகள் ருவோலான்.

“வாய மூடுடி,” என்றாள் மெய்ஜென்.

ருவோலானுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளி விட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பியானோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மேசையில் சோறு ஆறிக் கிடக்கும். மெய்ஜென் இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் குறையாகச் சொல்லித் திரிவாள், உள்ளுக்குள் பெருமை பொங்க. அந்தப் பெண்ணைத்தான் பள்ளியின் துடுப்புப் படகுக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு அது. அங்கே சீன முகம் அபூர்வம், அதுதான் வேண்டியிருந்தது.

பியானோ ஒரு தேவாலயத்துக்குப் போயிற்று. ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை ருவோலான் குளியலறையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது கண் இமைகள் வீங்கியிருந்தன. எதிர்த்துப் பேசியிருந்தாலாவது மெய்ஜென் நாலு திட்டு திட்டி ஆறியிருப்பாள்.

விடிந்தும் விடியாத ஆற்றுக் குளிரில் படகு. உள்ளங்கையில் கொப்புளத்தின்மேல் கொப்புளம். கணவர் கைவென் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், “புடிக்காததைப் போட்டு ஏன் இழுக்கறே?” என்றார். “நாம வேலை கேட்டு அலைஞ்சப்போ பேரைப் பாத்தே எத்தனை பேர் திருப்பி அனுப்பினான்? மறந்துட்டீங்களா?” என்றாள் மெய்ஜென். அவர் மறக்கவில்லை.

பள்ளியின் கடைசி ஆண்டில், ருவோலான் விண்ணப்பித்திருந்த பெரிய கல்லூரியில் முன்பு படித்த ஒரு பெண்மணி ருவோலானைக் காப்பிக் கடையில் சந்தித்துப் பேசினாள். கல்லூரிகள் அப்படி ஆள் விட்டுப் பேசிப் பார்ப்பது வழக்கம். மெய்ஜென் பக்கத்து மேசையில் யாரோ போல உட்கார்ந்திருந்தாள்.

“படகுன்னா உனக்கு அவ்ளோ இஷ்டமா?” என்று கேட்டாள் அந்தப் பெண்மணி.

ருவோலான் பக்கத்து மேசையை ஒருமுறை பார்த்தாள். “உசுரு,” என்றாள்.

மெய்ஜென் பூரித்துப்போனாள். பாவி, பொய் என்று தெரிந்தே பூரித்தாள்.

மார்ச் மாதக் கடைசியில் பதில் வந்தது. இடம் இல்லை.

“சீனப் பேரைப் பாத்ததும் தூக்கிப் போட்டுட்டானுங்க!” என்று மெய்ஜென் வீடு அதிரக் கத்தினாள்.

“இருக்கலாம். படகு ஓட்டறவங்க கூட்டமும் இந்த வருஷம் ஜாஸ்தியா இருந்திருக்கலாம்,” என்றார் கைவென். “அவன் எப்பவுமே காரணம் சொல்ல மாட்டான் மெய்ஜென். நமக்குத் தெரியவே போறதில்ல.”

ருவோலான் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மெய்ஜென் அவள் அருகே போய்த் தலையைத் தடவினாள்.

“அழுதுடு கண்ணு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நம்ம இனத்தைப் பாத்துத்தான் தள்ளிட்டான்.”

“அவங்க பாத்தாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா,” என்றாள் ருவோலான். “நீ பாத்தே. நான் வாசிக்கறதுல சீனம் எங்க இருக்கு, எதை எடுத்துட்டா உனக்கு என்னைப் புடிக்கும்னு எத்தனை நாள் யோசிச்சேன் தெரியுமா?”

மெய்ஜென்னுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லூரிக்காரன் செய்தானோ இல்லையோ தெரியாத ஒரு காரியத்தை, அவனுக்கு முந்திக்கொண்டு, தன் வீட்டுக்குள் தானே செய்திருக்கிறாள்.

“நாளைக்கே ஒரு பியானோ வாங்கிடலாம். நல்லதா. உனக்குப் புடிச்சதா.”

ருவோலான் கோபப்படவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னால் மறுப்பதுபோல, மரியாதையாகத்தான் சொன்னாள்.

“வேணாம்மா. வாசிக்கணும்னே தோணல இப்போ.”