பின்வாசல் ஆபீஸ்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னபோது மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பிதுங்க வேண்டாம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் லீவுக்குக் கெஞ்ச வேண்டாம்.

ஆனால் வீட்டில் இருப்பவள் சும்மா இருப்பவள்தானே? மாமனார் அப்படித்தான் நினைத்தார். கண்ணாடியைக் காணோம் என்று கூப்பிடுவார். இன்ஷூரன்ஸ் புகார்களுக்குப் பதில் அடித்துக்கொண்டிருப்பவளை, மாடியில் துணி காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வரச் சொல்வார். பதில்கள் தேங்கின. இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், சரிப்படாவிட்டால் ஆபீசுக்கே வந்துவிடுங்கள் என்று மேலாளர் எழுதிவிட்டார்.

மாமனாரிடம் முகம் சுளிக்கவும் மனமில்லை. பாவம், பேச்சுத் துணைக்குத்தான் கூப்பிடுகிறார். யோசித்து, அவரிடமே சொல்லி ஒரு சட்டம் போட்டாள். காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் மாமா" என்று முன்வாசலில் இறங்குவாள். வீட்டைச் சுற்றி வந்து, பின்வாசல் வழியாகப் பின்னறைக்குள் போய்விடுவாள். அதன்பின் சாயங்காலம்வரை அவள் வீட்டில் இல்லை.

மாமனாருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தண்ணீர் குடிக்க அவள் எதிரே வந்தால்கூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வேலை மளமளவென்று நடந்தது.

மேலாளர் முடிவு சொல்லவேண்டிய நாளன்று பார்த்து இன்டர்நெட் போனது. செல்போனிலும் சார்ஜ் இல்லை. கூடத்தில் வீட்டு போன் அடித்தது. மாமனார் எடுத்தார். பேசியது மேலாளர்.

"மருமகளா? அவ வீட்ல இல்லைங்களே. ஆபீஸ் போயிருக்கா. தினமும் போறா, பொழுது சாஞ்சாதான் வருவா."

பின்னறையில் அவள் காதில் இது விழுந்தது. ஓடிவந்து கையை நீட்டினாள். மாமனார் போனைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஆபீஸ்ல இருக்கறவ நடுவுல வரக்கூடாது. நீ போட்ட சட்டம்தான்."

பிடுங்காத குறையாக வாங்கி, கைப்பை, முன்வாசல், பின்வாசல் எல்லாவற்றையும் மேலாளரிடம் ஒரே மூச்சில் கொட்டினாள். போச்சு, நாளையிலிருந்து பஸ்தான் என்று நினைத்தபோது மறுமுனையில் சற்றுத் தள்ளி ஒரு பெண் குரல் கேட்டது.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இந்த வெங்காயத்தை உரிச்சாத்தான் என்னவாம்?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க வீட்லேருந்தே பாருங்கம்மா. எழுதி அனுப்பிடறேன். ஒரே ஒரு சந்தேகம். எங்க வீட்ல பின்வாசல் கிடையாது. ஜன்னல் வழியா வந்தா ஒத்துப்பாங்களா?"

போனோடு காதை ஒட்டிவைத்திருந்த மாமனார், சட்டத்தை மறந்து அவளை நேராகப் பார்த்தார்.

"கம்பி வெச்ச ஜன்னலான்னு முதல்ல கேளு."