முப்பத்தொரு அங்குலம்

…இல்லை, ஸ்பிரிங் வில்லுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினால் வண்டியின் உடல்தான் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும், இதை முதலாளி ஹென்னிங்குக்கு எப்படி விளங்கப்படுத்துவது, மணலில் புதைவது அச்சின் நடுவிலுள்ள அந்த உருண்டைப் பெட்டியல்லவா, அதை நிலத்திலிருந்து தூக்குவது ரயர் ஒன்றுதான், அதுவும் கூடுகிற அங்குலத்தில் பாதி… அந்தோனிதாசன் பழைய பிக்கப்பின் முன்சில்லருகே குந்தியிருந்து, சோக்கட்டியால் சீமெந்தில் கணக்குப் போட்டான். இருபத்தெட்டு அங்குல ரயரைக் கழற்றி முப்பத்தொன்று போட்டால் அச்சுக்கு ஒன்றரை கிடைக்கும், ஆனால் திருப்பும்போது மட்காட்டில் உரசும், அதற்காகத்தான் கட்டை, இரண்டு அங்குலம் போதும், நாலு வைத்தால் வளைவில் வண்டி ஆடும். வேகமுள்ளும் பொய் சொல்லும். முள் எண்ணுவது சுற்றைத்தானே, பெரிய சில்லு குறைவாகச் சுற்றும், எண்பது காட்டும்போது வண்டி எண்பத்தெட்டில் போய்க்கொண்டிருக்கும்… என்ன அழகான கணக்கு, இதை யாருக்குச் சொல்வது? இந்தக் குளிர்தேசத்து ஊரான ஹொல்ஸ்டெப்ரோவின் கராஜில் ஹென்னிங்கும் அவனும்தான். “அந்தோன், ரயர்தான் கேட்டனான், தேவாலயம் கட்டச் சொல்லேல்லை,” என்று ஹென்னிங் தன் மொழியில் கத்துகிறான், பன்னிரண்டுக்கு முன் ரயர்க் கடைக்கு அளவு சொல்லியாக வேண்டும்.

மனைவி மேரிகிறேஸ் என்றால் கேட்டுக்கொண்டிருப்பாள், பாதியில் “விளங்கீற்றுது, முதல்ல சாப்பிட வாங்கோ” என்பாள், ஒன்றும் விளங்கியிராது… அவள் கொழும்பு லொட்ஜில், ஒரே அறையில் மூன்று குடும்பத்தோடு. அங்கே வரச்சொன்னது யார்? அவன்தான். இங்கே முன்னமே வந்த பிலேந்திரன் அண்ணையின் மனைவிக்கு ஏழு மாதத்தில் விசா வந்தது, ஆகவே தனக்கும் ஏழு என்று கணக்குப் போட்டு, மன்னார் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையோடு வா என்று எழுதினான். இப்போது பதினேழு மாதம். விசா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அதே மரியாதையான குரல், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது… இல்லையென்றாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? நேற்று அவள் கடிதம் வந்தது, “நிக்கிறதோ ஊருக்குப் போறதோ, ஒண்டைச் சொல்லுங்கோ. அடுத்த மாதம் எண்டு மட்டும் எழுதாதேங்கோ.” ஊரில் சண்டை, லொட்ஜில் தமிழரென்றால் பொலிஸ் பதிவு, நில் என்றால் என்ன, போ என்றால் என்ன… ஒரு ரயருக்கு இத்தனை கணக்குப் பார்க்கிறவன், இதற்கு மட்டும் ஏன் அண்ணையின் ஏழு மாதத்தை அப்படியே எடுத்தான்?

“முப்பத்தொண்டு, கட்டை ரெண்டு,” என்றான். ஹென்னிங் தொலைபேசியைச் சுழற்றத் தொடங்கினான். அந்தோனிதாசன் கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்தான், இன்றைக்கே பதில் போடவேண்டும், பிள்ளையின் அளவையும் பார்த்துவைக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் பின்பக்கத்திலும் மேரிகிறேஸ் மகள் எமிலியாவை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கீறி அனுப்புவாள், அவன் அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் குளிருக்குச் சப்பாத்து வாங்குவான், அலுமாரியில் இரண்டு சோடி கால் படாமலே சின்னதாகிப் போய்விட்டன… கடிதத்தைத் திருப்பினான். வெறும் நீலத் தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், ஒரு கோடுகூட இல்லை. மறந்திருப்பாள், பிள்ளை நித்திரையாய் இருந்திருக்கும், இல்லாவிட்டால் ஊருக்குப் போகப் பெட்டி கட்டுகிற அவசரத்தில்… பெட்டியா? அவள் கடிதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லையே, அது எங்கிருந்து வந்தது அவனுக்கு?