தெருவைப் பிடித்துக்கொண்ட முன்பிரேக்

முதலிபாளையத்துக்குத் தெற்கே, இருபத்தொரு வீடுகள் உள்ள மேட்டுத் தெரு, சென்ற ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பர்லாங் வடக்கே நகர்ந்தது. காரணம் ரத்தினசாமியின் பழைய மோட்டார் சைக்கிள். அதன் முன் டிஸ்க் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. மனைவி ஜெயபாரதியை நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த பனியன் கம்பெனியில் விடும் அவசரத்தில் அவர் வண்டியைத் தள்ளினார். சக்கரம் சுற்றவில்லை; அது கவ்வியிருந்த தெருதான் குழாயடியோடு முன்னே போயிற்று. வழியிலிருந்த சோளக்காடு ஒதுங்கிக்கொண்டது. நாலாவது வீட்டு மருதம்மாள் மட்டும் வெளியே வந்து, "ஏனுங்க, தள்றதுக்கு முன்னால ஒரு கொரல் குடுக்கக் கூடாதுங்களா? பாலெல்லாம் கொட்டிப் போச்சு" என்று சலித்துக்கொண்டார்.

ஜெயபாரதிக்கு அன்று தாமதம் விழுந்தது. மூன்று தாமதம் விழுந்தால் அவள் பதினொரு வருடமாக உட்காரும் ஓவர்லாக் தையல் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது அந்தக் கம்பெனி வழக்கம்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து வண்டிப் பட்டறை வைத்திருந்த பெரியகருப்பன் முறையாகத்தான் பார்த்தார். பேடுகளில் தேய்மானம் இல்லை, அவற்றை அழுத்தும் காலிப்பரில் துரு இல்லை. எண்ணெயை வெளியே விடும் நிப்பிளைத் தளர்த்தியதும் எண்ணெய் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டது. அப்படியானால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது என்று ஹேண்டில்பாரிலுள்ள மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தார். உள்ளிருந்த ரப்பர் ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்பியிருந்தது. "பிரேக் ஆயில் இல்லாம வேற எதையும் ஊத்துனீங்களாண்ணே? ஊத்தியிருந்தா மேல கீழ எல்லா ரப்பரையும் மாத்தணும்."

ஊற்றியிருந்தார். தையல் மெஷினுக்கு விடும் வெள்ளை எண்ணெய். அந்த ஊரில் கதவுக் கீலுக்கும் முழங்கால் வலிக்கும் அதுதான். ஆனால் ரத்தினசாமி கம்பெனி கம்பெனியாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். "எண்ணெயப் பத்தி எங்கிட்டயே கேக்கறீங்களா? இருவத்திரண்டு வருச மெக்கானிக்குங்க நானு" என்றார். மேல் ரப்பர் மட்டும் மாற்றப்பட்டது. மூன்றாம் நாள் மறுபடி பிடித்தது. தெரு மறுபடி நகர்ந்தது; ஒவ்வொரு தள்ளுக்கும் முன்னதைவிட ரெண்டு மடங்கு தூரம் போயிற்று. ஐப்பசி முடிவதற்குள் அதே ரப்பரை நாலு தடவை மாற்றியாயிற்று. பஸ் நிறுத்தம் பின்தங்கிப்போனது, தபால்காரர் தெருவைத் தேடிக் களைத்தார், ஜெயபாரதிக்கு இரண்டாவது தாமதமும் விழுந்தது.

கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை தெரு கம்பெனிச் சுவரை ஒட்டி நின்றது. இன்னொரு தள்ளு பாக்கி. சுவருக்கு அந்தப் பக்கம், முதல் வரிசையில், ஜெயபாரதியின் மெஷின். ரத்தினசாமி பழக்கத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்தபோது அவள் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வெள்ள எண்ணெ வாசம் எனக்குத் தெரியாதுங்களா? ஆவணியிலயே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க. இப்பத் தள்ளுனீங்கன்னா செவுரு எம்மெஷின் மேல உழுந்துரும். நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?"

ரத்தினசாமி போனை எடுத்து, வெள்ளை எண்ணெய் ஊற்றியதைப் பெரியகருப்பனிடம் தெருவே கேட்கும்படி சொன்னார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏண்ணே இம்புட்டுத் தூரம் வரப்போறேன்" என்றபடி வந்த பெரியகருப்பன், எண்ணெய் ஓடும் ஹோஸையும் மேல் கீழ் ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றி, பழைய எண்ணெயைச் சொட்டு விடாமல் கழுவி எடுத்தார். சக்கரம் ஒற்றை விரலுக்குச் சுற்றியது.

மறுநாள் காலை ரத்தினசாமி வண்டியைக் கிளப்பி, சீட்டைத் துடைத்து, மனைவியைக் கூப்பிட்டார். அவள் அதற்குள் வாசலைக் கடந்து, எதிரே இருந்த கம்பெனி கேட்டில் நுழைந்து, மணி அடிக்கப் பதினெட்டு நிமிடம் இருக்கையில் தன் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தெரு திரும்பிப் போகவில்லை. மார்கழியில் மின்வாரிய ஆட்கள் வந்து, கம்பிகளை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள்.